பச்சையில் நின்ற முள்

என்னைக் கூட்டிக்கொண்டு வந்த உங்கள் போலீஸ் ஜீப் இரண்டாவது கியருக்குப் போகும்போது ஓர் உதறு உதறுகிறது, ஐயா. கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கும். ஓட்டி வந்தவரிடம் சொன்னேன். "வாயை மூடிக்கிட்டு உக்காரு" என்றார். நல்லது சொன்னால் யாருக்குமே பிடிப்பதில்லை. என் தங்கை வீட்டுக்காரருக்கும் இதே வியாதிதான் இருந்தது.

அவர் ரொட்டி சுடுகிறவர். குறை சொல்லக்கூடாது, ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கும். வாய்தான் அடுப்பைவிட அதிகமாக எரியும். ஒருநாள் என் பட்டறைக்கு வந்து, ஸ்பேனர்களையெல்லாம் அளவு வாரியாக ஆணியில் மாட்டிவிட்டு, "இப்ப பாருங்க மச்சான், கண்ணை மூடிட்டு எடுக்கலாம்" என்றார். அதுவரை கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கண்ணைத் திறந்து தேடினாலும் கிடைக்கவில்லை. இதற்காக ஒருவரை வெறுக்க முடியுமா, சொல்லுங்கள். நான் வெறுக்கவில்லை. பொறுத்துக்கொண்டேன்.

தங்கைக்காகத்தான் பொறுத்துக்கொண்டேன். அப்பா அம்மா போன பிறகு அவளை ஆளாக்கியவன் நான். கல்யாணம் ஆன பிறகும் அவள் பட்டறையை விடவில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து போன் எடுப்பாள். சண்டைக்கு வரும் ஆளைச் சிரிக்க வைத்து அனுப்புவாள். மத்தியானம் ஆனால் கண்ணாடியைத் தட்டி, சாப்பிட வா என்று கை காட்டுவாள். வண்டிக்கடியில் படுத்திருந்தாலும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும்.

மலைக்கு அந்தப் பக்கம் அணை கட்டுகிறார்கள் அல்லவா, அங்கே வேலையாட்கள் நல்ல ரொட்டி இல்லாமல் ஏங்குவதாக எவனோ மாப்பிள்ளையின் காதில் ஊதிவிட்டான். உடனே ஒரு பழைய டிரெய்லரை வாங்கி, அதற்குள் அடுப்பு, மாவு பிசையும் இயந்திரம், தண்ணீர்த் தொட்டி என்று ஒரு முழு அடுப்பறையையே ஏற்றிவிட்டார். அதைத் தன் பிக்கப்பில் மாட்டி மலையேற்றப் போகிறாராம்.

தங்கை போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "போறது போறோம், அங்கேயே வீடு பாத்துக்கலாம்னு இருக்கோம், அண்ணா."

"யாரு இருக்கலாம்னு? நீயா, அவரா?"

"ரெண்டு பேரும்தான்."

பொய். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். சந்தோஷமாக இருப்பது மாதிரி அவ்வளவு நன்றாக நடித்தாள்.

அப்புறம் மாப்பிள்ளை வந்தார். "மச்சான், பாரம் இழுத்தா கியர்பெட்டி சூடாகி ஆயில் கொதிச்சிடுமாமே. பெரிய கூலரா பாத்து மாட்டிக் கொடுங்க. சூடு காட்ட ஒரு மீட்டரும் வேணும்."

எனக்கே ஆச்சரியம், அந்த மனுஷன் முதல்முறையாகச் சரியாகப் பேசினார். எஞ்சினுக்கு ரேடியேட்டர் எப்படியோ, கியர்பெட்டி ஆயிலுக்குக் கூலர் அப்படி. ஆயில் சூடாக உள்ளே போய், காற்றுப் பட்டு ஆறித் திரும்ப வேண்டும். கம்பெனி வைத்துத் தரும் கூலர் உள்ளங்கை அகலம்தான். காய்கறி வாங்கப் போக அது போதும், மலையேற்றப் போதாது.

இருப்பதிலேயே பெரியதாக ஒன்றை வாங்கினேன். முன்பக்க வலைக்குப் பின்னால், ரேடியேட்டரில் உரசாமல், நாலு மூலையிலும் ரப்பர் கொடுத்து உட்கார வைத்தேன். தங்கை எட்டிப் பார்த்து, "அழகா இருக்கு அண்ணா" என்றாள். அழகாகத்தான் இருந்தது. ஆயில் மட்டும் அதற்குள் போகவில்லை.

உங்கள் நிபுணர் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை, பிறந்த குழந்தை மாதிரி இருக்கிறது என்றாராம். கெட்டிக்காரர். குழாய்களை பம்பருக்குப் பின்னால் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டிருந்தேன். ஆயில் வாசல் வரை வந்து வீட்டுக்குள் நுழையாமல் திரும்பிப் போகும், கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி. பழைய சின்னக் கூலரையும் கழற்றிவிட்டேன். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. மீட்டர் கேட்டார், கொடுத்தேன். முள் எப்போதும் பச்சையிலேயே நிற்கும்படி கொடுத்தேன். சிவப்பைப் பார்த்தால் மனுஷன் பதறிவிடுவார், பாவம்.

யாரையும் கொல்ல நினைக்கவில்லை, ஐயா. ஏற்றத்தில் பாதி வழியில் கியர்பெட்டி கைவிடும். வண்டி நிற்கும். தங்கை எனக்கு போன் செய்வாள். நான் மீட்பு வண்டியை எடுத்துக்கொண்டு போய், கொக்கி மாட்டி, இரண்டு பேரையும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருவேன். "இந்த வண்டிக்கு மலை ஒத்துவராது மாப்பிள்ளை" என்று தன்மையாகச் சொல்வேன். அவ்வளவுதான் திட்டம். இதில் என்ன கெடுதல் இருக்கிறது?

ஆனால் வண்டி அவசரக்குடுக்கை. அடிவாரத்துக்கு முன்பே தீய ஆரம்பித்துவிட்டது. தங்கை போன் செய்தாள். நான் மடியில் போனை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, ஏதோ தீயிற வாசனை வருது. ஆனா முள்ளு பச்சையிலதான் இருக்கு. எதிர்லயே ஒரு பட்டறை தெரியுது. நிறுத்திக் காட்டவா?"

அந்தப் பட்டறைக்காரனை எனக்குத் தெரியும். எதற்கெடுத்தாலும் சிரிப்பான். பானட்டைத் திறந்ததுமே குழாயைப் பார்த்துவிடுவான். சரி, அது போகட்டும். அவன் சரிசெய்துவிட்டால்? கூலருக்குள் ஆயிலை விட்டு, ஊற்ற வேண்டியதை ஊற்றி, கையசைத்து மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டால்? அப்புறம் நான் எதற்கு?

"மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா?" என்றேன்.

"இருக்காரு. 'மச்சான் என்ன சொல்றாரோ அதையே செய்வோம்'ங்கிறாரு."

என் வாழ்நாளில் அவர் என் பேச்சைக் கேட்பதாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"புதுக் கூலர் அப்படித்தான் வாசனை அடிக்கும். முள்ளு பச்சையில இருந்தா ஒண்ணும் இல்ல. நிறுத்தாம ஏறச் சொல்லு" என்றேன்.

ஏறினார்கள்.

சமதரையில் கியர்பெட்டி போனால் வண்டி நின்றுவிடும். செங்குத்தான வளைவில், ஓர் அடுப்பறையை வாலில் கட்டிக்கொண்டிருக்கும்போது போனால் நிற்காது. டிரெய்லர் பின்னால் இழுக்கும். பிரேக் கொஞ்சநேரம் பல்லைக் கடிக்கும். பிறகு டிரெய்லர் தன் இஷ்டத்துக்கு மடங்கி, ஓரத்தைத் தாண்டும்போது வண்டியையும் கூட்டிக்கொண்டு போகும். இது ஒரு மெக்கானிக்குக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். தெரியும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவனுக்கும் தெரியும். நிறுத்தாமல் ஏறச் சொல்லும்போதும் தெரிந்துதான் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மறைக்க என்ன இருக்கிறது?

மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். தங்கை கதவு வழியாகத் தூக்கி எறியப்பட்டு ஒரு புதரில் கிடந்தாள். போனை வைத்ததுமே மீட்பு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்ததால் முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். ஆம்புலன்ஸ்காரர்களுக்கே நான்தான் வழி காட்டினேன். உயிர் பிழைத்துவிட்டாள், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்கிறார் டாக்டர். இனி அவளைத் தூக்கி உட்காரவைக்க, ஊட்டிவிட ஓர் ஆள் வேண்டும். எங்கும் போக மாட்டாள். என்னைவிட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஆகையால் கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போட்டுவிட்டுச் சீக்கிரம் கிளம்ப வேண்டும். வார்டில் இருக்கும் நர்ஸ் ஒரு விஷயம் சொன்னார். அண்ணன் வந்திருக்கிறார் என்றாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாளாம்.

கழுத்து சுளுக்கியிருக்கும். நான் போய் நீவிவிட்டால் சரியாகிவிடும்.