அரக்கன் வீட்டுச் சம்பந்தம்

– அதெல்லாம் இருக்கட்டும் மிசாவோ அம்மா, கிட்ட வந்து உட்காருங்க. பானை சூடேற நேரமாகும். அதுவரைக்கும் ஒரு கதை சொல்றேன்.

– கதை கேட்க வரலை தொமியே அக்கா. என் மகனுக்கு உங்க தங்கச்சி மகளைக் கட்டலாமான்னு பானைகிட்டக் கேட்க வந்தேன். முழங்கினா கல்யாணம். முழங்கலைன்னா நீங்க வருத்தப்படக் கூடாது.

– இருபது வருஷமா இந்தக் கோயில் பானைக்கு நான்தான் அரிசி போடறேன். முழங்கவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டு வந்த முகம் எனக்குத் தெரியாதா?

– எங்க வீட்டுக்காரரோட வம்சம், அரக்கனை அடக்கின இளவரசர்கிட்டச் சேவகம் பண்ணின வம்சம். பிள்ளைங்க படிக்கிற, அரக்கனோட சண்டைக்குப் போற பீச் பழத்துப் பையன் கதையில நாய் வருதே, அது எங்க முன்னோர்.

– நாயா?

– நாயை வளர்த்தவர்.

– ஆகட்டும். அந்தப் பையன்கிட்டத் தினை உருண்டை ஒண்ணு வாங்கித் தின்னுட்டுச் சண்டைக்குப் போனவர்.

– கிண்டல் வேண்டாம். உங்க ஊர் அந்த அரக்கனுக்குப் பொண்ணு கொடுத்த ஊர்.

– கொடுத்தோம். பழத்துக்குள்ளேருந்து பையன் குதிச்சான்னா நம்புவீங்க. கடல் தாண்டி வந்து, மலைமேல இரும்பு உருக்கின அவனும் மனுஷன்தான்னு சொன்னா நம்ப மாட்டீங்க.

– பழத்துப் பையன் கதை வேற, இளவரசர் கதை வேறன்னு படிச்சவங்களே சொல்றாங்க.

– நாய் விஷயத்துல மட்டும் ரெண்டும் ஒரே கதையாக்கும். கேளுங்க. உங்க இளவரசர் அவன் தலையை வெட்டினார். வெட்டின தலை வருஷக்கணக்கா உறுமிச்சு. நாயை விட்டுத் தின்ன வச்சாங்க. வெறும் மண்டையோடும் உறுமிச்சு. கடைசில இளவரசர் கனவுல வந்து, 'என் பெண்டாட்டி இந்த அடுப்புல சோறு வேக வைக்கட்டும், நல்லது கெட்டது நான் சொல்றேன்'னுச்சாம். அந்த மண்டை இதோ, இந்த அடுப்புக்குக் கீழே. ஜெயிச்சவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வெட்டுப்பட்டவன்கிட்ட அனுமதி. நல்ல வீரம்.

– தண்ணி கொதிக்குது. அரிசியைப் போடுங்க.

– போட்டாச்சு. கேட்குதா?

– அது வெறும் நீராவிச் சத்தம்.

– தூணெல்லாம் அதிருது மிசாவோ அம்மா.

– அரிசியைக் கூட்டிக் குறைச்சு நீங்களே வரவழைச்சிருப்பீங்க. அரக்க ரத்தம் எங்க வாசப்படி ஏறக் கூடாது, அவ்வளவுதான். வெளியில எங்க வீட்டுக்காரர் நிக்கறார், பானை முழங்கலைன்னு சொல்லிடறேன்.

– தாராளமா. அதுக்கு முன்னால ஒண்ணு. போன வாரம் அரக்கனை விரட்டச் சோயாக் கொட்டை வீசற அன்னைக்கு உங்க மகன் எங்க வீட்டுல இருந்தார். ஊரெல்லாம் 'அரக்கனே வெளியே போ, அதிர்ஷ்டமே உள்ளே வா'ன்னு கத்தும். நாங்க முதல் பாதியைக் கத்த மாட்டோம். சொந்தப் பாட்டனை யார் துரத்துவா? அவருக்கு ஒரே சிரிப்பு. 'எங்கம்மாவும் அதைச் சொல்லவே மாட்டாங்க. அதிர்ஷ்டமே உள்ளே வான்னு மட்டும் முணுமுணுப்பாங்க. கேட்டா தொண்டை சரியில்லைம்பாங்க'ன்னார்.

– பிள்ளைக்கு வாய் நீளம்.

– முப்பது வருஷமாவா தொண்டை சரியில்லை?

– மெதுவாப் பேசுங்க அக்கா. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. மாமியாருக்கும் தெரியாமலே போயிடுச்சு. எங்கம்மா பிறந்தது உங்க ஊர்லதான்.

– அழாதீங்க. நான் யார்கிட்டச் சொல்லப் போறேன். முகத்தைத் துடைச்சுக்கிட்டுப் போய், பானை முழங்கினதை அவர்கிட்டச் சொல்லுங்க. உங்க வீட்டுல அதிர்ஷ்டமும் உள்ளேயே இருக்கட்டும், அரக்கனும் உள்ளேயே இருக்கட்டும், இத்தனை வருஷம் இருந்த மாதிரியே.