அமுச்சே அமர்ந்த மூன்று படங்கள்

டிசம்பரில் எங்கள் ஊர் நுசுக்காவில் படம் வரைவது சிரமம். பாலைக்காற்றின் தூசி ஈரச் சாயத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் விடிந்ததுமே வேலையைத் தொடங்கிவிடுவேன்.

நீங்கள் கேட்டது என் தங்கை அமுச்சேயைப் பற்றி. சொல்கிறேன், ஐயா.

அவளுக்கு முன் எங்கள் அம்மாவுக்கு இரண்டு பெண்கள் பிறந்து இறந்தார்கள். செத்துச் செத்து அதே தாயிடம் திரும்பி வரும் பிள்ளையை ஒக்பாஞ்சே என்போம். அமுச்சேயும் அதுதான் என்றது ஊர். ரத்தத்தில் சிக்கிள் செல் நோய் என்றார் டாக்டர். இரண்டையும் நம்பினேன். இருபத்தாறு வயதுவரை இருந்துவிட்டாள்.

ஒக்பாஞ்சேயை வைத்து மூன்று படங்கள் வரைய நினைத்தேன். அந்தக் காலத்துப் பெண்கள் உடம்பில் இட்டுக்கொண்ட உலிக் கோடுகளை அவள் தோளில் வரைந்து உட்காரவைத்தேன். முதல் படத்தின்போது தற்செயலாக அவளுக்கு அந்த நோயின் வலி வந்தது. இந்த உலகத்திலும் இல்லாத, அந்த உலகத்திலும் இல்லாத ஒரு முகம். வரைந்து முடித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். லாகோஸ் கண்காட்சியில் அந்தப் படத்தை விட்டு யாரும் நகரவில்லை.

"வலி எனக்கு, பேரு உனக்கா? ஒரு மால்ட் கூல்டிரிங்காவது வாங்கிக் குடு, அண்ணா" என்று சிரித்தாள். வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாவது படத்துக்கு வலி தானாக வரவில்லை. குளிரும் தாகமும் அவளுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜன்னல்களைத் திறந்துவைத்தேன். சிந்தினால் கோடு கலைந்துவிடும் என்று சொல்லிக் குடிக்கத் தண்ணீர் தரவில்லை. பத்து மணிக்குள் வலி வந்துவிட்டது. ஒன்பது நாள் படுத்திருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

மூன்றாவது, போன வெள்ளிக்கிழமை. மடிப்பு நன்றாக விழும் என்று ஈரத்துணியைப் போர்த்தினேன்.

"அண்ணா, நெஞ்ச அடைக்குது. காரை எடு."

"கண்ணு மட்டும் பாக்கிடி. கொஞ்சம் பொறு."

"சாவி எங்க வச்ச?"

"தேடணும்."

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தாள். கண்களை முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதில் கடைசி இருபது நிமிடம் அவளுக்கு மூச்சில்லை. தெரிந்துதான் வரைந்தேன். உதட்டின் நிறம் மாறிவிட்டதால் சாயத்தை மறுபடி கலக்க வேண்டியிருந்தது.

கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வற்புறுத்தினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவள் கத்தியிருந்தால் நிறுத்தியிருப்பேன். முகம் அசைந்தால் எனக்குக் கஷ்டம் என்று, சாவியைக் கேட்டதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. எங்களுக்குள் அவ்வளவு பாசம்.