கதவு இன்னும் காயேல்லை

புஸ்பராணி: தொடட்டோ?

சிவபாதம்: தொடாதை. இன்னும் காயேல்லை.

புஸ்பராணி: இது எங்கட கதவுதானோ?

சிவபாதம்: வேற ஆரின்ர கதவு? கொழும்பில குண்டு விழுந்த சேதி கேட்டுச் சாம்பல்தீவுக்கு அம்மாட்ட ஓடினாய். மூண்டு கிழமையால வந்து சொந்த வாசலைத் தெரியேல்லை எண்டுறாய்.

புஸ்பராணி: தெரியேல்லைத்தான். நான் கலியாணம் முடிச்சு வரேக்கையே கறுத்துக் கிடந்த கதவு. உள்ளுக்க இப்பிடியொரு மஞ்சள் கிடந்ததே? தேன் மாதிரியெல்லோ கிடக்கு... உது என்ன, அலை அலையா?

சிவபாதம்: முதிரை மரத்தின்ர ரேகை. தேய்க்கத் தேய்க்க எனக்கே கை நிண்டு போச்சு. இதைத் திறந்து பூட்டித்தானே இவ்வளவு காலமும் திரிஞ்சம்...

புஸ்பராணி: என்ன பூசினீங்கள்? சுறா எண்ணெயோ?

சிவபாதம்: அது வள்ளத்துக்கு. வீட்டுக்குப் பூசினால் ஊர்ப் பூனை முழுக்க வாசலில நிக்கும்.

புஸ்பராணி: தேங்காயெண்ணெய்?

சிவபாதம்: காயவே காயாது, பிசுக்குத்தான் பிடிக்கும். இது ஆளிவிதை எண்ணெய். திருக்கைத் தோலால தேய்ச்சு, மெல்லிசாப் பூசி, மிச்சத்தைத் துடைச்செடுத்து, காயவிட்டுப் பிறகும் பூசவேணும். அவசரக்காரருக்குச் சரிவராது.

புஸ்பராணி: வருசத்துக்குப் பூசத்தானே கழட்டினீங்கள்? வருசமும் பிறந்து போச்சு.

சிவபாதம்: வருசமோ... இஞ்சயும் குண்டு விழுந்த அண்டு காலமை முதல் பூச்சுப் பூசி, முற்றத்தில கிடந்த கதவால நிமிர்றன், வானம் முழுக்கப் பிளேன். வெயில் பட்டு வெள்ளி வெள்ளியா... பயம் பிறகுதான் வந்தது, புஸ்பம். முதல்ல வாயைப் பிளந்துகொண்டு பாத்தனான்.

புஸ்பராணி: சாம்பல்தீவில நிலம் அதிர்ந்தது. பிறகு சீனன்குடாப் பக்கம் புகை. பட்டப்பகலில அம்மா விளக்குக் கொளுத்தினா.

சிவபாதம்: எண்ணெய்த் தாங்கி. அது நாள்கணக்கா நிண்டு எரிஞ்சது. அப்பிடியொரு நெருப்பை இனி ஒருத்தரும் காணக்கூடாது.

புஸ்பராணி: ...அண்ணன்ர கதை ஏதும் அறிஞ்சீங்களோ?

சிவபாதம்: ஆர்?

புஸ்பராணி: எனக்கு எத்தினை அண்ணன்? கனகரத்தினம் அண்ணன். வெள்ளைக்காரன்ர துறைமுகத்தில வேலைக்கு நிண்டவர். அண்டு அங்க செத்த சனம் கொஞ்சமோ?

சிவபாதம்: கொண்ணன்ர கதை எனக்கென்னத்துக்கு? எங்கட கலியாணத்தண்டு, 'இவன்ர வாசல் மிதியன்' எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். நானும் வாங்கோ எண்டு கேக்கேல்லை.

புஸ்பராணி: அதில்லை... உயிரோட இருக்கிறாரோ எண்டுதான்.

சிவபாதம்: இருப்பார்.

புஸ்பராணி: எப்பிடித் தெரியும்?

சிவபாதம்: உப்பிடியான ஆக்கள் லேசில போகாயினம். தள்ளி நில், வெளிச்சத்தை மறைக்கிறாய்.

புஸ்பராணி: நடுவில என்ன கறுப்பு?

சிவபாதம்: புகைக்கரி. ஈர எண்ணெயில ஒட்டிப்போச்சு.

புஸ்பராணி: கரி எண்டால் மேலயெல்லோ கிடக்கும்? இது மரத்துக்குள்ள இறங்கிக் கிடக்கு.

சிவபாதம்: எவ்வளவு தேய்ச்சும் போகுதில்லை.

புஸ்பராணி: இஞ்ச பாருங்கோ... இது தோள். இது முதுகு. ஒரு ஆள் மல்லாக்கப் படுத்த மாதிரி...

சிவபாதம்: உனக்கு எல்லாத்திலயும் ஆள் தெரியும்.

புஸ்பராணி: நீங்கள் உடுக்கிற பச்சைக் கோடு போட்ட சாரம் எங்க?

சிவபாதம்: கிழிஞ்சு போச்சு. எறிஞ்சிட்டன்.

புஸ்பராணி: கிழியேல்லை. சாம்பல்தீவில, அம்மா வீட்டுக் கொடியில காயுது. அவிச்சுத் தோய்ச்சனான். ரத்தக்கறை முழுக்கப் போகேல்லை.

சிவபாதம்: கொண்ணன் சொல்லிப்போட்டாரோ? அப்ப, தெரிஞ்சுகொண்டே என்னைக் கேட்டனி?

புஸ்பராணி: உங்கட வாயால வருமோ எண்டு பாத்தனான். ஆஸ்பத்திரியால நேர அம்மாட்டத்தான் கொண்டந்து விட்டவை. எண்ணெய் பூசின கதவு, ஆள் வழுக்கி விழுந்திடுவார் எண்டு சாரத்தை அவிட்டு அவரைக் கதவோட கட்டினீங்களாம். ஒரு பக்கம் நீங்கள், மற்றப் பக்கம் அயல்வீட்டுச் சரீப் காக்கா. மேல குண்டு, கீழ நீங்கள் கோவணத்தோட. சொல்லிச் சிரிக்கிறார்... சிரிக்கச் சிரிக்கக் கண்ணால ஓடுது.

சிவபாதம்: கோவணக் கதை இப்ப தேவையே?

புஸ்பராணி: இந்தக் கதவை நிலையில ஏத்த நாலு பேர் வேணும். நீங்கள் ரெண்டு பேர், ஆளையும் வச்சு, அந்த நெருப்புக்கு நடுவால ஆஸ்பத்திரி வரைக்கும்... எப்பிடித் தூக்கினீங்கள்?

சிவபாதம்: தெரியாது. அண்டைக்குப் பாரமே தெரியேல்லை. திரும்பி வெறுங் கதவைக் கொண்டரேக்கதான் ஏலாமல் போச்சு. காக்காவும் நானும் வழியில இருந்து இருந்துதான் வந்தனாங்கள். முந்தித் தூக்கினது நாங்களோ எண்டு இப்பவும் நம்ப ஏலாமல் கிடக்கு.

புஸ்பராணி: பிறகேன் எனக்கு ஒளிச்சீங்கள்?

சிவபாதம்: நீ வரமுதல் கறையை எடுத்துப்போடலாம் எண்டு பாத்தன். கொண்ணன்ர ரத்தத்தை ஒவ்வொரு நாளும் நீ எப்பிடிப் பாப்பாய்?

புஸ்பராணி: எடுக்கவேண்டாம். மேலால எண்ணெயை மட்டும் பூசுங்கோ. கும்பிட வேணும் போலக் கிடக்கு எனக்கு.

சிவபாதம்: விசர்க்கதை கதையாதை.

புஸ்பராணி: நானும் ஒண்டு ஒளிச்சனான். அண்ணன் றோட்டு முடக்கில, மாட்டு வண்டிலுக்குள்ள இருக்கிறார். கால் இன்னும் ஊண்ட ஏலாது. வந்திட்டார், ஆனால் நீங்கள் போய்க் கூப்பிடாமல் இறங்காராம். கூப்பிடுவீங்களோ?

சிவபாதம்: ...எங்க விழுந்து கிடந்தவர் எண்டு உனக்குச் சொன்னவரோ?

புஸ்பராணி: கடற்கரை றோட்டில எண்டார்.

சிவபாதம்: பொய். அதைத்தான் உனக்குச் சொல்லவேண்டாம் எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர். எங்கட வாசல் படலைக்கு உள்ளுக்க கிடந்தவர், புஸ்பம். நீ சாம்பல்தீவுக்குப் போனது தெரியாமல், உன்ர பேரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்தவர்.