ஆணியில் இரண்டாவது வில்லை

விடியற்காலை நாலே கால். மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் போகிற ரோடு... ஒரு நாய்கூடக் கிடையாது. பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஃப்ரெடி தனியாக நடந்துகொண்டிருந்தான். என் கூட்டாளி மேக்ஸ்வெல்லின் தம்பி. கிட்டே வந்து உட்காருங்கள், கரண்ட் வரும்வரை இந்த ரயில் நகராது. சிரிக்காதே ரூபேஷ், நீயும் அந்த ரோட்டில்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஃப்ரெடி சூடானில் வெல்டராக இருந்தவன். அங்கே ரோட்டோரம் சுக்குக் காபி விற்ற செலாம் என்கிற எத்தியோப்பியப் பெண்ணோடு கல்யாணம் வரை பேசியாயிற்று. அப்போது பார்த்துச் சண்டை மூண்டது. நம் ஆட்களை ஏற்றிப்போக பஸ் வந்தது. இந்திய பாஸ்போர்ட் இருந்தால்தான் இடம். கத்தினான், காலில் விழுந்தான்... ஒன்றும் நடக்கவில்லை. அவளே அவனைப் பிடித்துத் தள்ளினாள். ஏறிவிட்டான். அதுதான் இன்றுவரை அவனை அரிக்கிறது.

ஏறும்போது, சுரங்கத்தில் வேலை பார்த்துச் செத்துப்போன அப்பாவின் பித்தளை வில்லைகளில் ஒன்றை அவளிடம் கொடுத்தான். நம்ம ஊர்த் தங்கச் சுரங்கத்தில் ஆளுக்கு ஒரே எண்ணில் இரண்டு வில்லை. ஒன்று மேலே ஆணியில் தொங்கும், ஒன்று ஆளோடு கீழே இறங்கும். ஏறி வந்தவன் தன் வில்லையையும் மாட்டுவான். மாட்டும்வரை தேடுவார்கள். பிணமாக வந்தால், தூக்கி வந்தவர் மாட்டுவார்... எண் சுவரைப் பார்க்க.

"இதோட ஜோடி தொங்குற ஆணி எங்க வூட்ல இருக்குது. நீயே வந்து மாட்டு," என்றான்.

இரண்டு வருஷம். போன் போகாது. எந்த ஆபீஸில் விசாரித்தாலும், "அவங்க உங்களுக்கு என்ன உறவு?" என்னத்தைச் சொல்வான்? உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை பாவிக்கு.

அந்த விடியற்காலை, மூடிக்கிடக்கும் சுரங்க ஷாஃப்டைத் தாண்டும்போது...

டங். டங். டங்.

மூன்று முறை மணி அடித்தால் கேஜில், அதான் சுரங்க லிஃப்டில், ஆள் மேலே வருகிறது என்று அர்த்தம். அந்த மணியை எப்போதோ கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. பிறகு வாசனை. காபிக்கொட்டை கருகுகிற வாசனை... கூடவே சுக்கு.

"செலாம்?"

கம்பிவேலியைப் பிடித்து உலுக்கினான், கை கிழிந்தது. உள்ளே இரும்புக் கதவு கிறீச்சிட்டது. பூட்ஸ் சத்தம்... ஒரு காலை இழுத்து இழுத்து, பாரம் சுமக்கிற நடை. ஆளைக் காணோம். சத்தம் மட்டும் அவனைத் தாண்டி அவன் வீட்டுப் பக்கம் போனது.

ஓடினான். வாசலில் அவன் அம்மா மரியகுழந்தை நின்றிருந்தார்.

"யார்ரா பூட்ஸோட உள்ள வந்தது? உங்கப்பா மாதிரியே கால இழுத்துக்கினு..."

ஆணியில் இரண்டு வில்லைகள். இரண்டாவது, செலாமிடம் கொடுத்தது, இன்னும் சூடாக இருந்தது. எண் சுவரைப் பார்த்திருந்தது.

"பொய்! இன்னா தெரியும் உனுக்கு? அவ வருவா!" கண்ணுக்குத் தெரியாத அப்பாவிடம் கத்திக்கொண்டே அதைத் திருப்பி மாட்டினான். மறுநாளும் திருப்பினான். தினமும் எண் தெரியத் திருப்பிவிட்டுத்தான் வேலைக்கு வருகிறான். ராத்திரி போனால் சுவரைப் பார்த்திருக்கும்.

போன வாரம் எண் வெளியே தெரிய, ஆணியோடு சேர்த்துப் பற்றவைத்தான். வெல்டர் அல்லவா, வேலை சுத்தம்.

ராத்திரி போய்ப் பார்த்தால்... எண் சுவரைப் பார்த்திருந்தது. பற்றவைத்த இடம் விடவேயில்லை.