சம்மனசு இறங்கிய கயிறு

தேங்காய்நார்க் கயிற்றைக் கடல்நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திய பிறகே அதில் ஆள் பாரத்தை ஏற்ற வேண்டும். நாடகக்காரர்கள் பலர் இதை அறியார். ஆகவே, இன்ஸ்பெக்டர் ஐயா, கயிறு அறுந்ததாகத் தாங்கள் எழுதியிருப்பதை முதலில் திருத்திவிட வேண்டுகிறேன். அதை ஊறவைத்தவன் நான். அது அறுகிற கயிறன்று.

இறந்தவர் செபாஸ்டின், என் அக்கா அல்போன்சாவின் கணவர். மேடையிலும் படத்திலும் அவரை வேறொரு பெயரால் அறிந்தவர்களுக்கு, அவர் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவர் என்பது தெரியாது. நீருக்கடியில் அடக்கிப் பழகிய மூச்சுத்தான் பின்னாளில் நீண்ட பாட்டாக வெளிவந்தது. எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. குளிப்பவன் தன் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடம் மட்டுமே கொடுப்பான். கூடப்பிறந்தவளைத் தாலியறுக்க வைக்க எவனுக்கும் கை வராது என்ற நம்பிக்கை. அத்தானின் கயிறு என்னிடம் வந்தது அப்படித்தான். அடியிலிருந்து அவர் ஒருமுறை அசைத்தால், இழுத்துப் பிடிப்பேன்.

நாடகக் கம்பெனி ஒன்று அவரை அழைத்தபோது, என்னையும் சேர்த்தால்தான் வருவேன் என்றார். அவர் ராஜபார்ட் ஆனார். வானிலிருந்து தேவன் இறங்கும் காட்சி அவருக்கே உரியதாயிற்று; திரைக்குப் பின்னால் நின்று இறக்கியவன் நான். மதுரையிலும் கொழும்பிலும் சனங்கள் கைதட்டியபோது, அந்த அதிர்வு கயிற்றின் வழியாக என் கைக்கும் வந்தது. அதற்கு மேல் நான் எதையும் கேட்டதில்லை.

பிறகு பேசும்படம் வந்தது. படத்தில் தேவனைக் கேமராவே இறக்கிவிடும். அவர் சென்னையில் தங்கிவிட்டார். நான் ஊருக்கு அனுப்பப்பட்டேன். அக்கா, கணவன் உயிரோடிருக்கையிலேயே கைம்பெண்போல வாழ்ந்தாள். ஊரே அவர் படத்தைப் பார்த்தது. அவள் கொட்டகைப் பக்கம் போகவில்லை. நான் அப்போதே யோசித்திருக்கிறேன்: தாலிக்கு மதிப்பில்லாத இடத்தில் கயிற்றுக்கு மட்டும் என்ன கடமை இருக்க முடியும்?

யுத்தத்தில் பிலிமுக்குத் தட்டுப்பாடு வந்தது. படங்கள் குறைந்தன, அவர் குரலும் கம்மிப்போயிற்று. சென்ற மாதம் திரும்பி வந்தார். அக்கா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. சீலாமீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். கோயில் திருவிழா நாடகத்தில் சம்மனசாக இறங்கும்படி அவரைக் கேட்டார்கள். தேவதூதரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இந்த வயதில் வேண்டாமே என்று பங்குச்சாமியார் தயங்கியிருக்கிறார். கயிறு மச்சான் கையில் இருக்கும்போது பயமென்ன என்று அத்தான் சொன்னாராம். அவர் செய்த தவறு அது ஒன்றே.

ஒத்திகை பிற்பகலில் நடந்தது. இடுப்புக் கச்சையை நானே கட்டினேன். அவர் உற்சாகமாக இருந்தார்.

"மெட்ராசுல ஒரு கெழட்டுத் தகப்பன் வேசம் தாரேங்கான், மாப்ள. திருநா முடிஞ்சதும் ஒங்கக்காவக் கூட்டிட்டுப் போயிருதேன்."

"நானும் வாரேன், அத்தான்."

"நீ அங்கன வந்து என்னத்தப் புடிக்கப் போற? வீட்டப் பாத்துக்கிட்டுக் கெடடே."

சிரித்துக்கொண்டே சொன்னார். இதைத் தாங்கள் காரணமாக எழுதிவிடக் கூடாது. அக்காவுக்காக நான் முன்னரே முடிவு செய்திருந்தேன்.

சாரத்தின் உச்சிவரை அவரை ஏற்றினேன். சிறகுகளோடு அந்தரத்தில் நின்றவர், கீழிருந்த கல்தளத்தைப் பார்த்ததும் கயிற்றை ஒருமுறை அசைத்தார். பிடித்துக்கொள் என்று பொருள். அந்தச் சைகையை என் கை ஒருநாளும் தவறவிட்டதில்லை, அன்றும் தவறவிடவில்லை. கயிறு என் கையிலிருந்து நழுவியதாகச் சில சாட்சிகள் சொல்ல, தாங்களும் கவனக்குறைவு என்று என்னை அடைத்து வைத்திருக்கிறீர்கள். என் உள்ளங்கைகளைப் பாருங்கள். நழுவியிருந்தால் தோல் உரிந்திருக்கும். நான் விரல்களைத் திறந்தேன்.

நேற்று அக்கா லாக்கப்புக்கு வந்தாள். கழுத்தில் தாலி இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, கயித்த ஓங்கிட்டயே குடுக்கச் சொன்னது நான்தாம்ல. பழசையெல்லாம் மறந்து ஒண்ணா இருப்பீயன்னு."

எல்லாம் அவளுக்காகத்தான் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"எனக்காவவா? என்னயக் கூட்டிட்டுப் போவ வந்த மனுசன்ல அவரு."

"ஒன்ன மட்டுந்தானக்கா" என்றேன்.