பன்னிரண்டு அடிச் சுவர்

அடித்தல் திருத்தம் உள்ள கடிதத்தை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. நான் படித்த சிற்றூர்ப் பள்ளியில் அப்படித்தான் பழக்கினார்கள். ஆகவே, இன்ஸ்பெக்டர் ஐயா, இதையும் இரண்டாம் முறை எழுதித்தான் தருகிறேன்.

ஆனேக்கலுக்கு அப்பால் காட்டுக்குள் ஒரு மலைக்கோட்டை இருக்கிறது. எழுத்தே தோன்றாத காலத்தில், சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர். புதர் மூடிக் கிடந்ததை, ஒன்பது ஆண்டுகளில் நூற்றுப் பதினான்கு கடிதம் எழுதிப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கியவன் நான். பாதுகாப்புக் குழுவின் செயலாளரும் நானே. வெளிவேலி கேட்டின் சாவி என்னிடம்தான் இருக்கும்.

ஆதிகேசவன் குழுவுக்காகப் புதர் வெட்டுபவர். நல்ல உழைப்பாளி. அன்று காலை கோட்டைக்குள் பழைய குழி ஒன்று உள்வாங்கி, அவரை மார்பளவு மண்ணில் இறுக்கிவிட்டது. அவர் மனைவி சரசு, பக்கத்துத் தோட்டத்தில் வேலையாக இருந்த ராம்கியை ஜேசிபியோடு கூட்டிவந்தார். கோட்டை வாசல் குறுகல்; வண்டி உள்ளே போகச் சுவரில் பன்னிரண்டு அடி பிரிக்க வேண்டும்.

அனுமதிக் கடிதம் இல்லாமல் ஒரு கல்லைத் தொட்டாலும் ஜெயில், வண்டியும் பறிமுதல் என்று ராம்கிக்கு விளக்கினேன். அவர் எஞ்சினை அணைத்தார்.

சரசு கத்தவில்லை. "கல்ல நாளைக்கு நானே திருப்பி அடுக்கிக் குடுக்கறேன், ஹெர்பர்ட் சார்," என்றார். "இல்லேன்னா, லெட்டர் வர்ற வரைக்கும் மூச்சு விடாம இருய்யான்னு அவருகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க."

அங்கேயே உட்கார்ந்து தொல்லியல் துறைக்கு அனுமதி கேட்டு எழுதினேன். அவசரத்தைக் கடிதத்தின் இரண்டாம் பத்தியில் குறிப்பிட்டேன். கடைசி வரியில் ஒரு சொல்லை அடிக்க நேர்ந்ததால் முழுவதையும் மறுபடி எழுதினேன். கையால் தோண்ட நான் தடை சொல்லவில்லை. கடப்பாரைக்கு மட்டும்தான் தடை. பிறகு ஜேசிபியை வெளியே நிறுத்தி, கேட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நகரத்தில் துறை அலுவலகம் மூடியிருந்தது. இரண்டாம் சனிக்கிழமை. கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுத் திரும்பினேன். ஆதிகேசவன் மதியமே இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

நீங்கள் கேட்டதால் ஒளிக்காமல் எழுதுகிறேன். அன்று விடுமுறை என்பது பஸ் ஏறும்போதே எனக்குத் தெரியும். ராம்கி அரை மணியில் அவரை எடுத்திருப்பார் என்பதும் தெரியும். சுவரில் ஒரு கல்கூட அசையவில்லை, நீங்களே போய்ப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் உயிர்களைக் காப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகக் கல் சுமந்து கட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட சுவரை ஓர் ஆளுக்காக எப்படி ஐயா பிரிப்பது?