நடுப்பெட்டி

சுவிட்ச் பெட்டிக்குள் எறும்பு குடியேறும். அந்தச் சூடு அதற்குப் பிடிக்கும். அதனால் மாதத்தில் ஒரு தடவை மூன்று பெட்டிகளையும் திறந்து துடைப்பேன். என்னிடம் சாவி இருந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். மொத்தம் இரண்டு சாவிகள். மற்றது தலைவரிடம் இருந்தது.

என் பெயர் கோகுலன். மாங்குளத்தில் கமரா பொருத்திப் பூட்டும் கடை வைத்திருக்கிறேன். வீடு நெடுங்கேணிக்கு அப்பால், காட்டோரத்தில். வயல் செய்யும் எங்கள் கமக்காரர் அமைப்புக்கு யானை எச்சரிக்கைக் கருவிகள் கிடைத்தபோது அவற்றைப் பூட்டிக் கொடுத்தவன் நான். அமைப்பின் தலைவர் குகதாசன். அறுபத்திரண்டு வயது. இறந்தவர் அவர்.

பெட்டிகள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. முதலாவது பெட்டி அமைப்பின் கட்டடத்தில். இரண்டாவது குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசடியில். மூன்றாவது கிழக்கு வயல் முடிவில், காவல் கொட்டிலுக்குப் பக்கத்தில். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஒரே கேபிள். அந்தக் கேபிளில் கமராப் படமும் போகும், சைரனுக்கான கட்டளையும் போகும். இரண்டும் கலக்காமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கத்தை ஒட்டி அனுப்புவோம். வீலான் இலக்கம் என்பார்கள். கமராவுக்கு 20. சைரனுக்கு 30. பெட்டிகளைத் திருத்தப் போகும் எங்களுக்கு 10. எந்தெந்த இலக்கத்தைக் கடக்க விடலாம் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாத இலக்கம் வந்தால் பெட்டி அதைக் கீழே போட்டுவிடும். திருப்பி அனுப்பாது. யாருக்கும் அறிவிக்காது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

சைரன் வருவதற்கு முன் கிழக்கு வயலில் காவல் முறைக்குப் போகிறவர் பாலை மரத்துப் பரணில் ஏறிக்கொள்வார். சைரன் வந்தபின் யாரும் ஏறவில்லை. கொட்டிலில் பாய் விரித்தார்கள். கட்டடத்தில் இருப்பவர் திரையில் யானையைக் கண்டதும் பொத்தானை அழுத்துவார். கட்டடத்துச் சைரனும் கிழக்குச் சைரனும் ஒன்றாக அடிக்கும். கிழக்கில் பெரிய வெளிச்சமும் எரியும். வெள்ளிக்கிழமைகளில் அழுத்திப் பார்ப்போம். கட்டடத்துச் சைரன் ஊருக்கே கேட்கும், தூரத்துக் கிழக்கு வயலுக்கு மட்டும் எட்டாது. எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போவார்கள். கிழக்கு வயலுக்கு நடந்துபோய் நின்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

தை மாதம் இரண்டாம் கிழமை, விடியும் நேரம், யானை என் தம்பி நிரஞ்சனைக் கொன்றது. அன்று கொட்டிலில் அவனுடைய முறை. வயது இருபத்தாறு.

மரண விசாரணையில் குகதாசன் பேசினார். சைரன் அடித்தது என்றார். கட்டடத்தில் தானே நின்று கேட்டதாகச் சொன்னார். பெடியன் குடித்திருந்தான், அதனால் எழும்பவில்லை என்றார். நிதானமாக, ஒரு சொல்லும் தடுக்காமல் சொன்னார்.

நிரஞ்சன் குடிப்பதில்லை. அவனுக்கு வாசனையே ஒத்துக்கொள்ளாது. நான் அங்கேயே எழுந்திருக்கலாம். எழவில்லை. வெளியே வந்தபோது அவர் என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, நீ வாயைத் திறக்காதை. கொம்மாவுக்கு இனி நீ ஒருத்தன்தான். நான் சொன்னது சொன்னதாக் கிடக்கட்டும்."

அது மிரட்டல் என்று விளங்கிக்கொண்டேன்.

முப்பத்தோராம் நாள் சடங்கு வரைக்கும் ஊரில் அந்தச் சொல் நடமாடியது. சாப்பிட வந்தவர்கள் என் வீட்டுப் பந்தலுக்குள் இருந்தே பேசினார்கள். "வெறியில படுத்தா யானை வந்தென்ன, ரயில் வந்தென்ன" என்று ஒருவன் சொல்ல, மற்றவன் இலைக்குள் குனிந்து சிரித்தான். அன்று பின்னேரம் அம்மா அலுமாரியைத் திறந்து தம்பியின் சேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்தார். என்னைக் கண்டதும், "மணமில்லையடா. என்னெண்டு அந்தாள் சொல்லும்?" என்றார். பிறகு அடுத்த சேட்டை எடுத்தார்.

அந்த இடத்தில்தான் முடிவெடுத்தேன். கோபத்தில் எடுத்த முடிவு என்று வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் முதலில் போய் முறைப் பட்டியலைத்தான் பார்த்தேன்.

முறைப் பட்டியல் கட்டடத்துச் சுவரில் தொங்கும். கிழக்குக் கொட்டிலில் குகதாசனின் முறை மாசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நெல் முற்றியிருந்தது. ஒரு தனியன் யானை மூன்று நாளாகப் பொழுதுபடும் நேரத்தில் வந்துகொண்டிருந்தான். செவ்வாய் மத்தியானம் துருசடிக்குப் போனேன். நடுப்பெட்டியைத் திறந்தேன். எறும்பைத் துடைத்தேன். லப்டொப்பைச் செருகி, கடக்க விடும் இலக்கங்களிலிருந்து 30ஐ எடுத்தேன். 20ஐத் தொடவில்லை. படம் வந்தால் எல்லாம் வேலை செய்கிறது என்று நம்புவார்கள்.

நான் எதையும் உடைக்கவில்லை. கேபிளை வெட்டவில்லை. அதையும் எழுதுங்கள்.

பின்னேரம் கட்டடத்துக்குப் போனேன். திரைக்கு முன்னால் செயலாளர் சுமித்திரா இருந்தார். ஆறு இருபதுக்கு மூன்றாவது கமராவில் தனியன் வந்தான்.

"அண்ணை, வந்திட்டான்" என்று சுமித்திரா பொத்தானை அழுத்தினார். எங்கள் தலைக்கு மேலே சைரன் அலறியது. திரையில் யானை காதைக்கூடத் திருப்பவில்லை.

"அங்க லைட் எரியேல்லை அண்ணை. பாருங்கோ, இருட்டாத்தான் கிடக்கு."

"படம் பிந்தித்தான் வரும்."

"தலைவர் ஐயாவுக்கு ஒருக்கா கோல் எடுக்கட்டோ?"

"நான் எடுக்கிறன்" என்றேன்.

போனைக் காதில் வைத்தேன். "ஓம் ஐயா. ஓம். சரி ஐயா" என்றேன். நான் எந்த இலக்கத்தையும் அழுத்தியிருக்கவில்லை.

"பரணில ஏறிட்டாராம்."

சுமித்திரா நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். "அந்தத் தொந்தி வண்டியோட என்னெண்டு ஏறினவரோ. இறக்கிறதுக்கு ட்ரக்டர்தான் கொண்டுபோக வேணும்."

தேத்தண்ணீர் போட அவர் குசினிக்குப் போனார். நான் திரைக்கு முன்னால் இருந்தேன். ஆறு நிமிடம். கொட்டிலின் ஓலை சரிந்தது. குகதாசன் வேலிப்பக்கம் ஓடினார், பிறகு மரத்துப்பக்கம் ஓடினார். ஏணியில் இரண்டு படி ஏறினார். படம் தெளிவாக வந்தது. கமரா பூட்டும்போது நான் கோணத்தைக் கவனமாகப் பார்த்துத்தான் வைப்பேன்.

30ஐ எடுத்தால் கிழக்குச் சைரன் அடிக்காது என்று எனக்கு எப்படி நிச்சயமாகத் தெரிந்தது என்று கேட்டீர்கள். தம்பியின் செத்தவீடு முடிந்து மூன்றாம் நாள் துருசடிக்குப் போய்ப் பார்த்தேன். நடுப்பெட்டியில் 30 இருக்கவில்லை. அன்றுதான் சேர்த்தேன்.

அது வழக்கமாக நடக்கும் பிழை. ஐப்பசியில் கமராக்கள் வந்தன. சைரன்கள் மார்கழியில் வந்தன. முதலாவது பெட்டியில் ஒரு சைரன், மூன்றாவதில் ஒரு சைரன். நடுப்பெட்டியில் சைரன் இல்லை. அதனால் அங்கே 30 தேவையில்லை என்று பூட்டுகிறவர் நினைக்கக்கூடும். தன்னிடம் சைரன் இல்லாத பெட்டியும் அடுத்த பெட்டிக்காக அந்த இலக்கத்தைக் கடக்க விட வேண்டும் என்பது மழை நாளில் மறந்துபோகும். அன்று நல்ல மழை. கிழக்குச் சைரனில் லப்டொப்பை நேரே செருகி அடித்துப் பார்த்தேன். அடித்தது. வீட்டுக்குப் போனேன்.

ஒவ்வொரு பெட்டியின் கதவுக்கு உட்புறமும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். கடக்க விடும் இலக்கங்களை முதலில் அதில் எழுதி, பிறகு அதைப் பார்த்துத்தான் பெட்டியில் பதிவேன். மூன்றாம் நாள் போனபோது நடுப்பெட்டியில் தாள் இல்லை. எறும்பு அரித்திருக்கும் என்று நினைத்தேன்.

இப்போது அதை மேசையில் வைக்கிறீர்கள். குகதாசனின் பேர்ஸில், அடையாள அட்டைக்குப் பின்னால் மடித்து இருந்தது என்கிறீர்கள்.

அப்படியானால் நிரஞ்சனைத் தூக்கப் போன அன்று காலை அவர் துருசடியில் நின்றிருக்கிறார். மூன்று பெட்டிகளையும் திறந்து பார்த்திருக்கிறார். மற்ற இரண்டு தாள்களிலும் மூன்று இலக்கங்கள். இதில் இரண்டு. அவருக்குச் சுவிட்ச் தெரியாது, ஆனால் எண்ணத் தெரியும். பொலிஸ் வருவதற்கு முன் தாளைக் கிழித்தெடுத்திருக்கிறார். பிறகு விசாரணைக்குப் போய்ச் சைரன் அடித்தது என்று சொல்லியிருக்கிறார். அடித்தது என்றால் பெடியன் ஏன் எழும்பவில்லை என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் வேண்டியிருந்திருக்கும். கொம்மாவுக்கு இனி நீ ஒருத்தன்தான் என்று அதற்குப் பிறகுதான் என் தோளில் கை வைத்துச் சொன்னார்.

10, 20. ஓம் ஐயா, என்னுடைய கையெழுத்துத்தான். குகதாசனைக் கொன்றது நான். நிரஞ்சனைக் கொன்றது யானை.

ஆனாலும் அவர் என் தம்பியைக் குடிகாரன் என்று சொல்லியிருக்கக் கூடாது.